கெர்னல் 6.8, ஹெடர் 5.15: இரண்டு எண்களும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை

உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் யூநேம் கட்டளையைக் கொடுத்து, இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலின் பதிப்பைப் பார்த்தால் 6.8 என்று வரும். அதே கணினியில், நிரல்களைக் கட்டும்போது (கம்பைல் செய்யும்போது) தேவைப்படும் கெர்னல் ஹெடர் கோப்புகளைத் தரும் லினக்ஸ்-லிப்சி-டெவ் பேக்கேஜின் பதிப்பைப் பார்த்தால் 5.15 என்று இருக்கும். கெர்னலை மாற்றிய அப்டேட் ஹெடர் கோப்புகளை மட்டும் விட்டுவிட்டதோ, பாதியில் நின்றுவிட்டதோ என்ற சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. சிலர் இணையத்தில் தேடி, 6.8-இன் ஹெடர்களை எங்கிருந்தோ எடுத்துவந்து பழையவற்றின் மேல் போட்டுவிடுகிறார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய கணினியில் அதற்குப் பிறகுதான் கம்பைல் பிழைகள் தொடங்குகின்றன.

அப்டேட்டில் குறை எதுவும் இல்லை. 22.04 வெளியானபோது அதன் கெர்னல் 5.15. பின்னால் வரும் புதிய லேப்டாப்களும் கிராஃபிக்ஸ் கார்டுகளும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, எச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான ஆதரவு) என்ற வரிசையில் 5.19, 6.2, 6.5, 6.8 என்று கெர்னலை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். ஹெடர்களை வேண்டுமென்றேதான் 5.15-இல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்கான காரணத்தை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஒரே பெயர், இரண்டு பொருள்கள்

குழப்பத்தில் பாதி பெயரால் வருவது. "கெர்னல் ஹெடர்" என்று இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறார்கள்.

1. பயனர் நிரல்களுக்கான ஹெடர்கள். இவை யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவுக்குள் லினக்ஸ், ஏஎஸ்எம் போன்ற துணை அடைவுகளில் இருக்கும். சி லைப்ரரியும் (பெரும்பாலான நிரல்கள் கெர்னலை அழைக்கப் பயன்படுத்தும் அடிப்படை நூலகம்) சாதாரண நிரல்களும் கெர்னலிடம் பேசத் தேவையான எண்கள், மாறிலிகள், ஸ்ட்ரக்சர்கள் (தரவுப் புலங்களின் தொகுப்புகள்) மட்டும் இவற்றில் உண்டு. இனி "சிஸ்டம் ஹெடர்" என்று சொல்வது இவற்றைத்தான்.

2. மாட்யூல் (டிரைவர் போல, கெர்னலுக்குள் ஏற்றப்படும் துணைப்பகுதி) கட்டுவதற்கான ஹெடர்கள். இவை யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சி அடைவில், ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனித்தனியாக இருக்கும். கெர்னலின் உள்கட்டமைப்பு, அதைக் கட்டியபோது இருந்த அமைப்புகள், கட்டும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் இவற்றில் அடங்கும்.

பேக்கேஜ் பெயர்கள் இந்தக் குழப்பத்தை இன்னும் மோசமாக்குகின்றன. டெபியன், உபுண்டு இரண்டிலும் "லினக்ஸ்-ஹெடர்ஸ்" என்று தொடங்குவது மாட்யூல் கட்டுவதற்கானது. சிஸ்டம் ஹெடர்கள் லினக்ஸ்-லிப்சி-டெவ் பேக்கேஜில் வருகின்றன. ஃபெடோராவில் "கெர்னல்-ஹெடர்ஸ்" என்பது சிஸ்டம் ஹெடர், மாட்யூலுக்கானது கெர்னல்-டெவெல். ஆர்ச்சில் லினக்ஸ்-ஹெடர்ஸ் மாட்யூலுக்கு, லினக்ஸ்-ஏபிஐ-ஹெடர்ஸ் சிஸ்டத்துக்கு. ஜென்டூவில் அதே லினக்ஸ்-ஹெடர்ஸ் என்ற பெயர் சிஸ்டம் ஹெடரைக் குறிக்கிறது. ஒரு டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புக்கு) எழுதிய குறிப்பை இன்னொன்றில் பின்பற்றினால் தவறான பேக்கேஜ்தான் வந்து இறங்கும். ஆகவே பெயரை விட்டுவிட்டு, கோப்புகள் எந்த அடைவில் போய் உட்காருகின்றன என்று பார்ப்பதே நம்பகமான வழி.

கணினியில் உள்ள சிஸ்டம் ஹெடர் எந்தப் பதிப்பு என்பதைப் பேக்கேஜ் பட்டியல் இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் அடைவில் உள்ள வெர்ஷன் ஹெடரைத் திறந்தால் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். 5.15-க்கு அது 331520-இலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். 5-ஐ 65536-ஆல் பெருக்கி, அதோடு 15-ஐ 256-ஆல் பெருக்கிக் கூட்டிய தொகை அது. இந்த எண் ஹெடரின் வயதைச் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இதை வைத்துக் கெர்னலின் பதிப்பை முடிவு செய்யும் நிரல் தவறாகவே எழுதப்பட்ட நிரல்.

## ஹெடரில் இருப்பது என்ன

ஒரு நிரல் கோப்பைத் திறக்கவோ நெட்வொர்க்கில் பேசவோ கெர்னலை அழைக்க வேண்டும். அந்த அழைப்புதான் சிஸ்டம் கால். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஓர் எண் உண்டு. 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் கெட்ரேண்டம் என்ற அழைப்பின் எண் 318, ஸ்டாட்எக்ஸின் எண் 332. கம்பைல் ஆகும்போது பெயர் போய்விடும். கம்பைல் ஆகிக் கிடைக்கும் பைனரியில் எண் மட்டுமே தங்கும். நிரல் ஓடும்போது ஹெடர் கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவு முழுவதையும் அழித்தாலும் ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல்கள் எல்லாம் வழக்கம்போல ஓடும்.

பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சான பிறகு வந்த சந்தாதாரர்கள் அதில் இருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு முறை கொடுத்த எண்ணை எக்காலத்திலும் மாற்றுவதில்லை என்று எக்ஸ்சேஞ்ச் உறுதி கொடுத்திருந்தால், அதில் உள்ள எந்த எண்ணைச் சுழற்றினாலும் சரியான வீட்டில்தான் மணி அடிக்கும். ஹெடர்தான் அந்த டைரக்டரி. எக்ஸ்சேஞ்சின் இடத்தில் இருப்பது கெர்னல்.

லினக்ஸ் கெர்னல் திட்டம் மிகக் கண்டிப்பாகக் காக்கும் விதி அந்த உறுதிமொழிதான்: பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது. ஒரு மாற்றத்தால் முன்பு ஓடிய நிரல் ஓடாமல் போனால், நிரலில் தவறு இருக்கிறதா என்ற வாதத்துக்குள் போகாமல் அந்த மாற்றத்தையே திரும்பப் பெறச் சொல்வது லினஸ் டோர்வால்ட்ஸின் வழக்கம். விதிவிலக்குகள் மிகக் குறைவு. சிஸ்கண்ட்ரோல் என்ற பழைய சிஸ்டம் கால் 5.5 பதிப்பில் நீக்கப்பட்டது. அதை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று பல ஆண்டுகள் எச்சரித்த பிறகே அப்படிச் செய்தார்கள்.

ஆக, பழைய ஹெடரை வைத்துக் கட்டிய நிரல் புதிய கெர்னலில் ஓடுவது தற்செயலாக நடப்பதல்ல.

## எந்தப் பக்கம் புதியது என்பதே முக்கியம்

கெர்னல் புதியது, ஹெடர் பழையது என்றால் பாதுகாப்பான திசை. இதற்கு நேர் எதிரான திசையில்தான் கவனம் தேவை. புதிய ஹெடரை வைத்துக் கட்டிய நிரல், பழைய கெர்னலிடம் அதற்குத் தெரியாத எண்ணைக் கேட்கலாம். அப்போது கெர்னல் ஈநோசிஸ் என்ற 38-ஆம் எண் பிழையைத் திருப்பும்: "இந்த வசதி இங்கே இல்லை" என்று அதற்குப் பொருள். நன்றாக எழுதிய நிரல் அதைப் புரிந்துகொண்டு பழைய வழிக்குத் திரும்பும். மற்றவை அங்கேயே நின்றுவிடும்.

சி லைப்ரரியான ஜிலிப்சியைக் கட்டும்போது "இந்தப் பதிப்புக்குக் கீழான கெர்னலில் ஓடாது" என்று ஒரு வரம்பு வைப்பார்கள். 2.26 பதிப்பிலிருந்து அந்தக் கீழ்வரம்பு 3.2. மேல்வரம்பு என்று ஒன்று கிடையாது. "இதைவிடப் புதிய கெர்னலில் ஓட மாட்டேன்" என்று ஜிலிப்சி எந்த இடத்திலும் சொல்வதில்லை.

பழைய ஹெடர் எவ்வளவு இயல்பானது என்பதற்குப் பைத்தான் உலகமே நல்ல சாட்சி. மெனிலினக்ஸ்2014 என்ற தரத்தில் வரும் பேக்கேஜ்கள் சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாகக் கொண்ட சூழலில் கட்டப்படுகின்றன. அதன் கெர்னல் 3.10, ஜிலிப்சி 2.17. அந்தப் பைனரிகள்தான் இன்று 6-ஆம் வரிசைக் கெர்னல் ஓடும் சர்வர்களில் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடுகின்றன.

## அப்படியானால் இழப்பே இல்லையா?

இழப்பு உண்டு. அது பிழையாக வருவதில்லை, சத்தமில்லாமல் வருகிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு கோப்பு எப்போது உருவாக்கப்பட்டது என்பதை ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் குறித்து வைத்திருக்கிறது. அதைப் பயனர் நிரலுக்குச் சொல்ல லினக்ஸில் நெடுங்காலம் பொதுவான வழி இல்லை. 2017-இல் வந்த 4.11 கெர்னல் ஸ்டாட்எக்ஸ் மூலம் அந்த வழியைத் திறந்தது. ஜிலிப்சி அதற்கான செயற்கூறைச் சேர்த்தது 2018-இல் வந்த 2.28 பதிப்பில். அப்புறம் 2019-இல் வந்த, அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான கோர்யுடில்ஸ் 8.31-இல்தான் ஸ்டாட் கட்டளை அதைப் பயன்படுத்தத் தொடங்கியது.

இப்போது உபுண்டு 18.04-ஐ எடுத்துக்கொள்வோம். எச்டபிள்யூஇ வழியாக அதில் 5.4 கெர்னல் வரை ஓட்டலாம். கோப்பின் பிறந்த நேரம் வட்டில் இருக்கிறது. கெர்னலுக்கு அதைச் சொல்லவும் தெரியும். ஆனால் ஜிலிப்சி 2.27, கோர்யுடில்ஸ் 8.28. ஸ்டாட் கட்டளையைக் கொடுத்தால் "பிறப்பு" என்ற வரியில் வெறும் ஒரு கோடு மட்டுமே வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்கத் தெரிந்தவர் இல்லாததால் பதிலும் இல்லை, அவ்வளவுதான்.

கெட்ரேண்டத்தின் கதையும் இதுவே. கெர்னலில் அது வந்தது 2014-இல், 3.17 பதிப்பில். ஜிலிப்சியில் வந்தது 2017-இல், 2.25 பதிப்பில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேலான காலத்தில், பாதுகாப்பான தற்செயல் எண்ணை எளிதாகக் கொடுக்கும் வசதி கெர்னலில் தயாராக இருந்தும், சாதாரண சி நிரலில் அதைப் பெயர் சொல்லி அழைக்க முடியவில்லை.

இந்த இடைவெளியைப் பெரும்பாலும் நிரலைக் கட்டும் கட்டத்தில்தான் தீர்மானிக்கிறார்கள். கட்டும் ஸ்கிரிப்ட் "இந்த மாறிலி ஹெடரில் இருக்கிறதா?" என்று சோதிக்கும். இல்லையென்றால் அந்த வசதிக்கான பகுதியை அப்படியே விட்டுவிட்டு மீதியைக் கட்டும். கோப்பு, நெட்வொர்க் வேலைகளை வேகமாக்கும் ஐஓ-யூரிங் வந்தது 2019-இல், 5.1 கெர்னலில். அதற்கு முந்தைய ஹெடரை வைத்துக் கட்டிய சர்வர் நிரல் 6.8 கெர்னலில் ஓடினாலும், கட்டும்போது கழித்துவிட்ட அந்தப் பகுதி திரும்ப வராது. கெர்னலைப் புதுப்பித்தும் வேகம் கூடவில்லையே என்று தேடுபவர்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் கெர்னல் அல்ல, அந்த நிரலை எந்த ஹெடரில் கட்டினார்கள் என்பதுதான்.

சோதனைக் கருவிகளிலும் இதைக் காணலாம். ஒரு நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியின் பழைய பதிப்பை வைத்துப் புதிய நிரலைக் கவனித்தால், பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் எண் வரும். 425-ஆம் எண் அழைப்பு என்று கண்டால் அது ஐஓ-யூரிங்கின் தொடக்க அழைப்பு. ஓடுவதில் தடையில்லை, எஸ்ட்ரேஸின் டைரக்டரியில்தான் அந்தப் பெயர் இல்லை.

## ஸ்ட்ரக்சர் வளர்ந்தால் என்ன ஆகும்?

எண் மாறாது, சரி. அழைப்போடு அனுப்பும் ஸ்ட்ரக்சரில் புதிய புலங்கள் சேர்ந்தால்? பழைய ஹெடரின் ஸ்ட்ரக்சர் சிறியது, புதிய கெர்னல் எதிர்பார்ப்பது பெரியது. நினைவகத்தில் குழப்பம் வராதா?

இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. 5.6 பதிப்பில் வந்த ஓப்பன்அட்2 அழைப்பில், ஸ்ட்ரக்சரோடு அதன் அளவையும் நிரல் சொல்ல வேண்டும். முதல் வடிவத்தின் அளவு 24 பைட். பின்னாளில் கெர்னல் அதை 32 ஆக்கினாலும், பழைய நிரல் 24 என்றுதான் சொல்லும். குறையும் இடத்தைக் கெர்னலே பூஜ்யத்தால் நிரப்பிக்கொள்ளும். பூஜ்யம் என்றால் "பழைய நடத்தையே போதும்" என்று பொருள் வரும்படிதான் புதிய புலங்களை வடிவமைக்கிறார்கள். எதிர்த் திசையில், பெரிய ஸ்ட்ரக்சரைப் பழைய கெர்னலுக்கு அனுப்பினால், கூடுதல் பைட்டுகள் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் ஈடூபிக் என்ற பிழை. தெரியாத கோரிக்கையைத் தெரிந்ததுபோல நடத்தித் தவறு செய்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது.

ஸ்டாட்எக்ஸில் வேறு முறை: 256 பைட் ஸ்ட்ரக்சரில் முதலிலேயே காலி இடம் விட்டுவைத்து, புதிய புலங்களை அங்கே நிரப்புகிறார்கள். சாதனங்களுக்குக் கட்டளை அனுப்பும் ஐஓகண்ட்ரோல் அழைப்புகள் பலவற்றில் ஸ்ட்ரக்சரின் அளவு கட்டளை எண்ணுக்குள்ளேயே பொதிந்திருக்கும். அளவு மாறினால் எண்ணே வேறாகிவிடும்.

## ஹெடரையும் புதுப்பித்துவிட்டால் என்ன?

1990-களில் பலரும் அதைத்தான் செய்தார்கள். யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் என்பது கெர்னல் சோர்ஸ் அடைவைக் காட்டும் சிம்லிங்காக இருந்தது. புதிய கெர்னலைக் கட்டினால் ஹெடரும் தானாக மாறிவிடும். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தப் பழக்கம் தவறு என்று விளக்கி எழுதினார். யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டில் இருக்க வேண்டியவை சி லைப்ரரியைக் கட்டியபோது பயன்பட்ட ஹெடர்கள். ஓடும் கெர்னலின் ஹெடர்கள் அல்ல என்பது அவர் நிலைப்பாடு.

ஜிலிப்சியின் சொந்த ஹெடர்களும் கெர்னல் ஹெடர்களும் ஒரே நிரலுக்குள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. இரண்டிலும் ஒரே ஸ்ட்ரக்சருக்கு விளக்கம் இருந்தால் கம்பைலர் நிறுத்திவிடும். 2022-இல் வந்த ஜிலிப்சி 2.36-இல் இது நடந்தது. அதன் மவுண்ட் ஹெடரும் கெர்னலின் மவுண்ட் ஹெடரும் ஒரே பெயர்களை அறிவித்ததால், இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திய பல நிரல்கள் கம்பைல் ஆகவில்லை.

ஹெடர் மட்டும் மாறியதால் வந்த சிக்கலுக்கும் உதாரணம் உண்டு. 5.2 பதிப்பில் நெட்வொர்க் நேரக்குறிப்புக்கான ஒரு மாறிலி ஏஎஸ்எம் அடைவிலிருந்து லினக்ஸ் அடைவில் உள்ள ஹெடருக்கு இடம் மாறியது. ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, ஏனென்றால் எண் மாறவில்லை. ஆனால் க்யூஈஎம்யூ (மெய்நிகர் கணினிகளை இயக்கும் நிரல்) போன்றவற்றைப் புதிய ஹெடரில் திரும்பக் கட்டியபோது "இந்தப் பெயர் அறிவிக்கப்படவில்லை" என்று நின்றன.

கெர்னலின் உறுதிமொழி பைனரிக்குத்தான். சோர்ஸ் கோடு எந்த ஹெடரிலும் திருத்தமின்றி கம்பைல் ஆகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஐந்தாண்டு ஆதரவு தரும் ஒரு டிஸ்ட்ரோ, தன் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களையும் எந்த நாளிலும் திரும்பக் கட்ட முடிய வேண்டும். அதற்காகத்தான் ஹெடரை உறைய வைக்கிறார்கள். என் பார்வையில் அது சரியான முடிவு.

கெர்னல் தரப்பிலும் வேலை நடந்திருக்கிறது. 2.6.18-இல், பயனர் நிரல்களுக்கு உரிய ஹெடர்களை மட்டும் பிரித்தெடுத்து நிறுவும் "ஹெடர்ஸ்_இன்ஸ்டால்" என்ற வழி வந்தது. 3.7-இல் அந்த ஹெடர்களைச் சோர்ஸுக்குள்ளேயே யூஏபிஐ என்ற தனி அடைவுக்குக் கொண்டுபோனார்கள்.

## பொருந்தியே ஆக வேண்டிய ஓர் இடம்

மாட்யூல்களுக்கு இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாது. என்விடியா டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை கெர்னலுக்குள்ளேயே ஏறி உட்காருபவை. கெர்னலின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்சர்களும் செயற்கூறுகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அங்கே எந்த உறுதிமொழியும் இல்லை. 6.8 கெர்னலுக்கான மாட்யூலை அதே 6.8 கட்டமைப்பின் ஹெடரில்தான் கட்ட வேண்டும். புதிய கெர்னல் வரும்போது மாட்யூல்களைத் திரும்பக் கட்டும் டிகேஎம்எஸ் என்ற கருவி இதைத் தானாகச் செய்கிறது. அந்தக் கெர்னலுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ் நிறுவப்படாமல் இருந்தால் அதனால் எதுவும் செய்ய முடியாது. மறுதொடக்கத்துக்குப் பிறகு டிரைவர் காணாமல் போயிருக்கும்.

ஹெடர் சரியாக இருந்தும் கட்ட முடியாத நிலையும் வரலாம். உபுண்டு 22.04-க்கு வந்த 6.5 கெர்னல் ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்பால் கட்டப்பட்டது. கணினியில் இயல்பாக இருப்பதோ ஜிசிசி 11. மாறிகளைத் தொடக்கத்திலேயே பூஜ்யமாக்கும் ஒரு கம்பைலர் விருப்பத்தை 11-க்குத் தெரியாது என்பதால் டிகேஎம்எஸ் தோற்றது. ஜிசிசி 12-ஐ நிறுவியதும் சரியானது. இங்கே சிஸ்டம் ஹெடரைத் தொட்டிருந்தால் எந்தப் பயனும் இருந்திருக்காது.

## கன்டெய்னரில்

ஒரு கணினியின் (ஹோஸ்டின்) கெர்னலையே பகிர்ந்துகொண்டு தனிச் சூழலாக ஓடுவது கன்டெய்னர். ஒவ்வொரு கன்டெய்னரும் இந்த நிலைமையின் இன்னொரு வடிவம். உள்ளே இருப்பது பழைய டிஸ்ட்ரோவின் லைப்ரரிகளும் ஹெடர்களும், கீழே ஓடுவது ஹோஸ்டின் புதிய கெர்னல். பெரும்பாலும் சிக்கல் வராது. வந்த ஓர் இடத்தை மட்டும் குறிப்பிட வேண்டும்.

சென்ட்ஓஎஸ் 6-இன் ஜிலிப்சி 2.12, நேரத்தைக் கேட்பதற்கு விசிஸ்கால் என்ற பழைய முறையை நம்பியிருந்தது. அது நினைவகத்தில் என்றும் மாறாத ஒரே முகவரியில் இருக்கும் பக்கம். முகவரி முன்கூட்டியே தெரிவது தாக்குபவருக்கு உதவும் என்பதால், பல டிஸ்ட்ரோக்கள் தம் கெர்னலில் அதை அணைத்துவிட்டன. அத்தகைய ஹோஸ்டில் சென்ட்ஓஎஸ் 6 கன்டெய்னரைத் தொடங்கினால், கட்டளைகளை ஏற்கும் பாஷ் ஷெல் 139 என்ற பிழைக் குறியீட்டோடு உடனே விழும். ஹோஸ்டின் பூட் அமைப்பில் விசிஸ்கால் என்பதை எமுலேட் என்று மாற்றினால் ஓடும். விசிஸ்காலுக்கான நிரல் பகுதி கெர்னலில் அப்படியே இருக்கிறது. அதை அணைத்து வைத்தது டிஸ்ட்ரோவின் அமைப்பு.

## புதிய வசதி வேண்டும், ஹெடர் பழையது: என்ன செய்யலாம்?

1. தேவை ஓரிரு மாறிலிகள்தான் என்றால், ஹெடரில் இல்லாதபோது மட்டும் செயல்படும் நிபந்தனையோடு உங்கள் சோர்ஸிலேயே அறிவியுங்கள். ஜிலிப்சியில் செயற்கூறு இல்லையென்றால், எந்தச் சிஸ்டம் காலையும் எண்ணால் அழைக்கும் "சிஸ்கால்" என்ற பொதுச் செயற்கூறு இருக்கிறது. 424-ஆம் எண்ணிலிருந்து தொடங்கும் புதிய அழைப்புகளுக்குப் பெரும்பாலான புராசஸர் வகைகளில் ஒரே எண்தான். அதற்கு முந்தையவை வகைக்கு வகை மாறும், கவனம்.

2. தேவை அதிகம் என்றால், உரிய ஹெடர்களின் நகலை உங்கள் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். க்யூஈஎம்யூ, நெட்வொர்க் கருவித் தொகுப்பான ஐபிரூட்2 இரண்டும் இப்படித்தான் செய்கின்றன.

3. முழுத் தொகுப்பும் வேண்டுமென்றால், புதிய கெர்னல் சோர்ஸில் ஹெடர்ஸ்_இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்து, உங்கள் ஹோம் அடைவுக்குள் தனி இடத்தில் நிறுவுங்கள். கம்பைலருக்கு அந்த இடத்தை அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் காட்டுங்கள். யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அப்படியே இருக்கட்டும்.

4. இபிபிஎஃப் நிரல் (கெர்னலுக்குள் பாதுகாப்பாக ஓடும் சிறு நிரல்) என்றால் ஹெடரைத் தேடவே வேண்டாம். பிடிஎஃப் என்ற வகை-விவர வசதியோடு கட்டிய கெர்னல், தன் ஸ்ட்ரக்சர்களின் விவரத்தைத் தானே வெளியிடுகிறது. பிபிஎஃப்டூல் என்ற கருவி அதிலிருந்து தேவையான ஹெடரை உருவாக்கித் தரும்.

இவற்றில் எந்த வழியில் போனாலும், நிரல் ஓடும் நேரத்தில் ஒரு முறை அழைத்துப் பார்த்து ஈநோசிஸ் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். உங்கள் கணினியில் 6.8 ஓடலாம், உங்கள் நிரலை எடுத்துச் செல்பவரின் கணினியில் 4.18 ஓடலாம்.